யசோதா வைத்த செங்கல்

பக்கத்து வீட்டு டிரேவர் தன் வீட்டை இடிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் எங்கள் தெருவில் ஒரு வாரம் துக்கம் கொண்டாடினோம். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் பக்கம் ஓட்டுக்கூரையும் மர முகப்புமாக மிச்சமிருந்தவை ஏழே வீடுகள். அதில் ஒன்று போகப்போகிறது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? எதிர்வீட்டு கோவிந்தப்பா கார்ப்பரேஷனுக்கு ஒரு மனு எழுதினார். முதல் கையெழுத்து என்னுடையது. ஓய்வுபெற்ற டீச்சர் என்பதால் பிழை திருத்தமும் நானே. ஆறு பாத்ரூமும் லிஃப்டுமாக நான்கு மாடிப் பூதம் ஒன்று எழும்பப்போகிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

அந்த வீடு போவதில் சந்தோஷப்பட்டவள் தெருவிலேயே ஒருத்திதான், யசோதா. காலை ஏழிலிருந்து பத்து வரை டிரேவர் வீட்டு வேலை, பத்திலிருந்து ஒன்று வரை பக்கத்து வீடான என் வீட்டு வேலை. பதினாறு வருஷமாக இப்படித்தான். நீலசந்திராவிலிருந்து அவள் கணவர் ரவி தன் ஆட்டோவில் கொண்டுவந்து விடுவார்.

யசோதாவைப் பற்றி நானும் டிரேவரின் மனைவி ரோவீனாவும் மற்றவர்களிடம் பெருமையடித்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. அவள் தண்ணீர்கூடக் கேட்க மாட்டாள். காபி கொடுத்தால் வேண்டாம் என்பாள். ஏப்ரல் வெயிலில் மொட்டை மாடியைக் கழுவிவிட்டு வந்தாலும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாளே தவிர டம்ளரைத் தொட மாட்டாள். என்ன ஒரு குணம் என்று மெச்சிக்கொள்வோம்.

முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். அது குணமில்லை, பயம் என்று எனக்குப் புரிவதற்கு இத்தனை காலம் ஆனது வெட்கக்கேடு. தண்ணீர் குடித்தால் ஒதுங்க ஓர் இடம் வேண்டும். டிரேவர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இருந்த கக்கூஸ் ஒரு மழையில் சரிந்து விழுந்தது, அதை யாரும் திரும்பக் கட்டவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் படுக்கையறையோடு சேர்ந்தவை. என் வீட்டில் ஹாலை ஒட்டி ஒன்று இருக்கிறது. அதில் போ என்று நான் சொன்னதில்லை, போகாதே என்றும் சொன்னதில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். எங்களிடம் வயிற்றுவலி என்று சொல்லி லீவு எடுத்தாள். சீரகத் தண்ணீர் குடி என்று வைத்தியம் சொன்ன புத்திசாலி நான்தான்.

புது வீட்டின் பிளானை ஆர்க்கிடெக்ட் பார்கவி சாப்பாட்டு மேஜையில் விரித்த அன்று, யசோதா பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தாளாம். ஆறு பாத்ரூமையும் விரலால் தொட்டுக் காட்டிய பார்கவி, "ஏழாவது ஒண்ணு பின்பக்கம், வேலை செய்றவங்களுக்கு" என்றிருக்கிறாள். அன்றிலிருந்து யசோதாவுக்கு அந்த வீட்டைப் பற்றியே நினைப்பு. எங்கள் மனு எங்கோ ஒரு ஃபைலில் போய்ப் படுத்துக்கொண்டது. ஜேசிபி வந்து ஓட்டுக்கூரையை அள்ளிப் போட்டபோது நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அழுதேன். யசோதா காம்பவுண்டு சுவரில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தாள். எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது.

அஸ்திவாரம் போடும் நாளில் பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். வீட்டுக்கு வேண்டியவர்கள் ஆளுக்கொரு செங்கல் வைக்க வேண்டும் என்பது டிரேவர் குடும்பத்துப் பழக்கம். டிரேவர் வைத்தார், ரோவீனா வைத்தாள். கிறிஸ்துமஸ் கேக் சாப்பிட்ட விசுவாசத்துக்கு கோவிந்தப்பாவும் ஒன்று வைத்தார். நானும் வைத்தேன். கோபம் வேறு, கூப்பிட்ட மரியாதை வேறு. கடைசியாக யசோதாவைக் கூப்பிட்டார்கள். அவள் செங்கல்லை வாங்கிக்கொண்டு எங்கள் எல்லோரையும் தாண்டி மனையின் பின்மூலைக்குப் போனாள். அங்கே சுண்ணாம்பில் ஒரு சின்னச் சதுரம் போட்டிருந்தது. அதன் ஓரத்தில் குனிந்து பதனமாக வைத்தாள்.

"ஏய் யசோதா, அங்க இல்லம்மா, இந்த சைடு வா" என்றார் டிரேவர். எல்லோரும் சிரித்தோம்.

"இதான சார் என் எடம்? அன்னிக்கு பிளான்ல காட்னாங்களே, ஏழாவதுன்னு."

பார்கவி தயங்கினாள். "இல்லக்கா, அது இப்போ ஜெனரேட்டர் ரூம். பிளான் சேஞ்ச் ஆயிடுச்சு."

யசோதாவின் முகம் வாடிப்போனது. குனிந்து செங்கல்லை எடுக்கப் போனாள். ரோவீனாதான் சிரித்துக்கொண்டே கேட்டாள். "உனக்கெதுக்கு பாத்ரூம்? நீதான் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டியே."

"அது இல்லாததாலதான் மேடம் குடிக்கிறதில்ல."

குரலில் கோபம் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். பாஸ்டர் பைபிளை மூடினார். ரோவீனா என்னைப் பார்த்தாள், நான் என் செருப்பைப் பார்த்தேன்.

டிரேவர் அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பழைய கக்கூஸ் சரிந்து கிடந்த இடமும் அதுதான். "பார்கவி, ஜெனரேட்டர முன்னாடி கார் நிக்கற எடத்துல வைங்க" என்றார்.

"பெட்ரூமுக்கு சவுண்டு வரும் சார்."

"வரட்டும் மேன். அந்தக் கல்லு அங்கயே இருக்கட்டும்."

வீடு கட்டி முடிய ஒன்றரை வருஷம் ஆனது. என் கருத்தில் மாற்றமில்லை, அது பூதம்தான். என் சமையலறைக்குக் காலை வெயில் போய்விட்டது, பத்து மணிக்கும் லைட் போட வேண்டியிருக்கிறது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடும் சத்தத்தில் டிரேவரே காதைப் பொத்திக்கொள்கிறார். ஆனால் யசோதாவின் முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. டிரேவர் வீட்டில் இப்போது காபி குடிக்கிறாள், மோர் குடிக்கிறாள். "சுடுதண்ணி கூட வருது டீச்சர்" என்று வந்து சொல்வாள். அவள் சொல்வதைக் கேட்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். என் வீட்டில் மட்டும் பழையபடி டம்ளரைத் தொடுவதில்லை. அது என் கண்ணில் படத்தான் செய்தது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

போன மாதம் ஒருநாள் துடைப்பத்தோடு நின்றுகொண்டு கேட்டாள். "டீச்சர், ஒங்க வூட்ட எப்போ இடிப்பீங்க?"

கிண்டலில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டாள். மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட எனக்குச் சுருக்கென்றது. எழுந்து போய் ஹாலை ஒட்டிய பாத்ரூமைத் திறந்து, புதுச் சோப்பும் ஒரு துண்டும் வைத்தேன்.

"இடிக்கல யசோதா. இது இனிமே உனக்கும்தான். முன்னாடியே சொல்லியிருக்கணும், தப்பு என்னுதுதான்."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்தித் திறந்தாள். "தாப்பா சரியா விழல டீச்சர்" என்றாள்.

அன்று சாயங்காலமே ரவி வந்து புதுத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். மறுநாள் பத்து மணிக்கு யசோதா வந்தாள். வந்ததும் துடைப்பத்தை எடுக்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், ஃபில்டரில் ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து, நின்றபடியே குடித்து முடித்தாள். பிறகு இன்னொரு டம்ளர் பிடித்தாள்.