ஆசாரி கடையில ஒரு ஃப்ளைட் ஹெட்செட்

போன வாரம் நாமக்கல் கடைவீதில, நகை ஆசாரி முன்னாடி, விமானம் ஓட்டறப்ப போடற ஹெட்செட்டை மாட்டிட்டு உக்காந்திருந்தேன்!

கடைக்கு வந்தவங்க எல்லாம் என்னையே பாத்தாங்க. (பாக்காம என்ன பண்ணுவாங்க!)

விஷயம் இதுதான். நான் ஒரு பிசினஸ் ஜெட்ல கோ-பைலட். வேலைக்குச் சேந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. ஒரு செக் ஃப்ளைட் பாஸ் பண்ணினாத்தான் வேலை கன்ஃபார்ம்.

எனக்கு ஒரே பிரச்சினை, காது.

ஹெட்செட் மாட்டி கொஞ்ச நேரம் ஆனா போதும், இடது காதுக்குப் பின்னாடி வலி ஆரம்பிச்சிடும். அப்புறம் தலை முழுக்க.

போன ட்ரிப்ல வலி தாங்காம இடது பக்கத்தை லேசா நகத்தி வெச்சேன். அந்த நேரம் பாத்து கன்ட்ரோல்ல இருந்து ரேடியோல எங்களைக் கூப்பிட்டாங்க. எனக்குச் சரியாவே கேக்கல!! கேப்டன் சார்தான் பதில் சொன்னார்.

இறங்கினதும் சொன்னார், "ஏம்மா, திட்டறேன்னு நினைக்காத. செக்ல இப்படி ஆச்சுன்னா உன்னை ஃபெயில் பண்ணித்தான் ஆகணும். லீவுல போய் நல்ல ஹெட்செட்டாப் பாத்து முடிவு பண்ணு."

சொன்னதோட விடல. அவரோட ஸ்பேர் ஹெட்செட்டையே குடுத்து அனுப்பினார். சின்னது, காது மேல உக்காரும், வெயிட்டே தெரியாது. கூட வேலை பாக்கற ஃப்ரெண்ட், காதையே மூடற பெரிய மாடல் ஒண்ணு குடுத்தா. ரெண்டு பேருக்கும் கோடி நன்றி!

ரெண்டோட ப்ளக்கும் எங்க ஜெட்டுக்குச் சேரும், அதை முதல்லயே பாத்துட்டேன். (ப்ளக் பாக்காம வாங்கினா ஷோகேஸ்ல வெச்சு அழகு பாக்க வேண்டியதுதான்.)

ஊருக்கு வந்து ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுட்டே திரிஞ்சேன். டிவி பாக்கறப்ப, துணி மடிக்கறப்ப, சோறு திங்கறப்ப.

எங்களுக்குக் கோழிப்பண்ணை. அப்பா சொன்னார், "சத்தத்துல போட்டுப் பாக்கோணும் கண்ணு. நம்ம தீவன மில்லுக்கு வா!"

"அப்பா, ஜெட் காக்பிட்ல அவ்ளோ சத்தம் இருக்காதுப்பா."

"இருக்கட்டும், வா!"

போனேன். பெரிய ஹெட்செட்ல மில்லு சத்தம் அப்படியே அடங்கிருச்சு. அப்பாவுக்கு ஒரே பெருமை, என்னமோ அவரே செஞ்ச மாதிரி.

ஆனா வலி வந்துச்சு. சின்னதுலயும் வந்துச்சு. ரெண்டுலயும் அதே இடம்!

அப்பத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. தப்பு ஹெட்செட்ல இல்லையோ, என் காதே இந்த வேலைக்கு ஆகாதோன்னு. ரூம்ல போய் அழுதேங்க, பொய் சொல்லல.

அடுத்த நாள் அம்மா தலைக்கு எண்ணெ தேச்சு விட்டாங்க. விரல் காதுக்குப் பின்னாடி பட்டதும் கத்திட்டேன்.

அம்மா காதை மடக்கிப் பாத்தாங்க.

"ஏஞ்சாமி! திருகாணி குத்திக் குத்தி இந்த எடமே குழியாட்டம் ஆயிருக்குது பாரு!"

அது அம்மாவோட கல்யாணத் தோடு. ஏழு கல்லு. எனக்கு வேலை கிடைச்ச அன்னிக்குத் தன் காதுல இருந்து கழட்டி, என் காதுல போட்டு, அவங்களே திருகினாங்க. "இதைக் கழட்டிப் போடாத சாமி"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க.

அதுல இடது பக்கத் திருகாணி மட்டும் கொஞ்சம் நீளம். எந்த ஹெட்செட் மாட்டினாலும் அது எலும்புல போய் அழுத்தியிருக்கு. உலகத்துல இருக்கிற ஹெட்செட்டையெல்லாம் திட்டினவ இதை யோசிக்கல! (வலி ஆரம்பிச்சதே வேலைக்குச் சேந்ததுக்கு அப்புறம்தான். பைலட்டாம் பைலட்டு!)

பறக்கறப்ப கழட்டி வெச்சா முடிஞ்சுது. ஆனா அதை அம்மா முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது?

அம்மாவே எந்திரிச்சாங்க. "அந்த ஹெட்செட் ரெண்டையும் எடுத்துக்க. கெளம்பு, ஆசாரிகிட்டப் போலாம்."

பாலிஷ் போடக்கூட அந்தத் தோட்டை யார்கிட்டயும் குடுக்காத அம்மாங்க அது!

கடையில போய், "இவ ஃப்ளைட் ஓட்டறாளுங்க. இதை மாட்டினா மண்டைல குத்துதாமுங்க. கொஞ்சம் வெட்டி உடுங்க"ன்னாங்க.

ஆசாரி என்னைப் பாத்தார், ஹெட்செட்டைப் பாத்தார். "திருகாணியத்தானுங்களே?"

திருகாணியத்தாங்க! அளவாக் குறைச்சு, முனையைத் தட்டையாக்கிக் குடுத்தார். அங்கேயே ரெண்டு ஹெட்செட்டையும் மாட்டிப் பொறுமையா உக்காந்து பாத்தேன். வலியே இல்ல. ரெண்டுமே சுகம்!

இப்ப எதை வாங்கறதுன்னு அடுத்த குழப்பம்.

அம்மா ரெண்டடி தள்ளி நின்னு பாத்தாங்க. பெரிசை மாட்டுன்னாங்க. சின்னதை மாட்டுன்னாங்க.

"இதே இருக்கட்டும் சாமி. இதுலதான் தோடு தெரியுது."

சின்னது மாதிரியே எனக்கு ஒண்ணு வாங்கிட்டேன்.

நேத்து செக் ஃப்ளைட். ரேடியோல வந்த ஒரு காலும் மிஸ் ஆகல. பாஸ்!!!

எல்லாம் முடிஞ்சு இன்ஜின் ஆஃப் பண்ணினதும் கேப்டன் சார் கேட்டார், "கடைசில எதைப் பாத்தும்மா இதை எடுத்த? வெயிட்டா, சவுண்டா?"

"இதுலதான் சார் எங்கம்மா தோடு தெரியுது."

அவர் என் இடது காதைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சார். "ஆமா, நல்லாவே தெரியுது!"

நன்றிம்மா. எல்லாம் தெளிவாக் கேட்டுச்சு.