மாயாபந்தர் ஜெட்டியில் நான் சொன்ன பொய்

1. இரண்டு வரி வசனம்

சினிமாவில் என்ன செய்தீர்கள் என்று கேட்பவர்களிடம், நடித்தேன், எழுதினேன், ஒரு படம் டைரக்ட் செய்தேன் என்று சொல்வேன். ஒரு பொய் சொன்னேன் என்பதை மட்டும் விட்டுவிடுவேன். இந்தத் தீவிலிருந்து நடிக்கக் கிளம்பும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அவர்கள் படிக்கட்டும் என்று அதை எழுதுகிறேன்.

எனக்கு போர்ட் பிளேரில், டெலானிபூர் பகுதியில் க்வார்ட்டர்ஸ், அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. மெயின்லேண்டிலிருந்து ஷூட்டிங் வந்தால் கேஷுவல் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடுவேன். கைதி, கூலி, கூட்டத்தில் ஒருவன் என்று ஒன்பது படம் நடித்தேன். ஒன்றிலும் வாயைத் திறக்க விடவில்லை. கேமராவுக்கு வெளியே மட்டும் என் வாய்க்கு ஓய்வே கிடையாது. வருகிறவர்களுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். இங்கே படகுக்காரர் வங்காளி, வேன் ஓட்டுபவர் தெலுங்கர், சமையல்காரர் மலையாளி. எல்லோருக்கும் பொது இந்தி. நடுவில் நின்று இங்கே கேட்டதை அங்கே சொல்வது என் வேலை.

பத்தாவது படத்தில் எனக்கு இரண்டு வரி வசனம் கிடைத்தது. குடியேற வரும் குடும்பங்கள் படகிலிருந்து மாயாபந்தரில் இறங்குகிற காட்சி. இறங்கியதும் நான் பேச வேண்டும். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று அந்த இரண்டு வரியைப் பேசிப் பார்த்தேன். என் மனைவியாக நடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். பாம்பூஃப்ளாட் மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கும் கமலா அக்காவை அழைத்துப் போனேன். பொங்கல் விழாவில் நான் எழுதிப் போடும் நாடகங்களில் அவர்தான் எப்போதும் கதாநாயகி. என்னைவிட நாலு வயது மூத்தவர். "கேமராவுல பொண்டாட்டியாத் தெரிவேனா தம்பி?" என்று கேட்டுச் சிரித்தபடியே வந்தார்.

அன்று காலையிலிருந்தே காற்று. படகுக்காரர் தபன், படகுத்துறையான ஜெட்டியின் ஓரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அபி நஹி, தாதா. தோ கண்டா ருகோ."

இப்போது வேண்டாம், இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள் என்றார். அலை ஜெட்டியில் மோதித் திரும்புகிறது, படகை ஒட்டி நிறுத்த முடியாது என்றும் விளக்கினார்.

"என்ன சொல்றாரு?" என்று டைரக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "செல்வா, எனக்கு இந்த அலைதான் வேணும். இப்ப எடுக்கலேன்னா சீனையே தூக்கிட்டு அடுத்ததுக்குப் போயிடுவேன்."

சீனைத் தூக்கினால் என் இரண்டு வரியும் போய்விடும்.

"போலாம்ங்கிறார் சார். கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்" என்றேன்.

தபனிடம் திரும்பி, டைரக்டர் கேட்கமாட்டார், ஒரே ஒரு ரவுண்டு என்று இந்தியில் கெஞ்சினேன். அவர் போய் என்ஜினைக் கிளப்பினார். நானும் அக்காவும் ஏறி உட்கார்ந்தோம்.

படகு ஜெட்டியை நெருங்கும்போது ஒரு அலை எங்களைத் தூக்கியது. கமலா அக்கா விழாமலிருக்கப் படகின் விளிம்பைப் பிடித்தார். அடுத்த நொடி படகு கான்கிரீட்டில் மோதியது. அவர் வலது கை நடுவில் இருந்தது.

அவர் அலறினார். டைரக்டர் "கட்" சொல்லவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் அக்காவைப் பிடித்துக்கொண்டு "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். அதன் பிறகும் ஓடியது.

2. கைநாட்டு

வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கிவிட்டன. மாயாபந்தர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, போர்ட் பிளேருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸுக்காக அலைந்துவிட்டு வார்டுக்குத் திரும்பினால், புரொடக்‌ஷன் மேனேஜர் கட்டிலருகே உட்கார்ந்து ஒரு காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். அக்காவின் இடது பெருவிரலில் மை.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல செல்வா, ஃபார்மாலிட்டி. சொந்த விருப்பத்துலதான் படகுல ஏறினாங்கன்னு."

"அவங்க மயக்கத்துல இருக்காங்க."

"அவங்களேதான விரலை நீட்டினாங்க."

அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். கை எழவில்லை. பிடித்தால், படகுக்காரர் என்ன சொன்னார் என்று யாராவது கேட்பார்கள். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். யூனிட் இரண்டு நாளில் வேலையை முடித்துக்கொண்டு மெயின்லேண்டுக்கு விமானம் ஏறியது. ஒருவர்கூட அக்காவை வந்து பார்க்கவில்லை.

3. அலறல்

மறு வருடம் படம் போர்ட் பிளேருக்கு வந்தது. போகக்கூடாது என்று நினைத்தேன். திரையில் என் முகத்தைப் பார்க்கிற ஆசை விடவில்லை, போனேன்.

காட்சி வந்தது. படகு, அலை, மோதல். அதைத் தொடர்ந்து கமலா அக்காவின் அலறல். அதே குரல், வெட்டாமல், முழுசாக. அதன்மேல் வயலின் வேறு சேர்த்திருந்தார்கள். ஒரு பெண்ணின் விரல் எலும்பு உடைகிற சத்தத்துக்கு என் பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, நடிப்பு என்று நினைத்தார்கள். அது நடிப்பில்லை என்று தெரிந்தேதான் எடிட்டிங் ரூமில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

பிறகு என் இரண்டு வரி வந்தது. "நிறுத்துங்க" என்று நான் கத்திய வாயசைவின் மேல் வேறு யாரோ அதை டப்பிங் பேசியிருந்தார்கள்.

எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்த டைரக்டரை மனதில் எத்தனை தடவை அறைந்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் கேட்ட கேள்வி மட்டும் நியாயமாகவே பட்டது. "என்ன சொல்றாரு?" என்றுதான் கேட்டார். பதில் சொன்னவன் நான்.

4. பாம்பூஃப்ளாட்

மறுநாள் சாத்தம் ஜெட்டியிலிருந்து ஃபெரியில் பாம்பூஃப்ளாட்டுக்குப் போனேன். அக்கா மார்க்கெட்டில் இடது கையால் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். வலது கையால் மீனை அமுக்கிப் பிடிக்க இரண்டு விரல்தான் இருந்தது. வழுக்கி வழுக்கிப் போனது.

"அக்கா, அன்னைக்கு தபன் போகவேணாம்னுதான் சொன்னாரு. நான் மாத்திச் சொல்லிட்டேன்."

அவர் கத்தியை நிறுத்தவில்லை.

"ஏன்டா, எனக்கு இந்தி தெரியாதா? பொறந்ததுலேந்து இங்கதான கெடக்கேன்."

அடுத்த மீனை எடுத்துப் போட்டுக்கொண்டே அவரே தொடர்ந்தார்.

"அவன் ருக்கோன்னதும் கேட்டுச்சு. நீ அந்தாளுக்கிட்ட போலாம்னதும் கேட்டுச்சு. நம்ம செல்வா, தெரியாமயா சொல்லுவான், ஏதோ வெவரமாத்தான் சொல்றான்னு ஏறி ஒக்காந்தேன்."

"மன்னிச்சிருங்கக்கா."

"மன்னிக்கவெல்லாம் முடியாது. தள்ளி நில்லு, கிராக்கி நிக்கிது."

தள்ளி நின்றேன். அவர் அந்த மீனை வெட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினேன்.

5. டைரக்டர் நாற்காலி

அதன் பிறகு மெயின்லேண்ட் படம் எதற்கும் போகவில்லை. ஆத்திரத்தில் எழுத ஆரம்பித்தேன். மீன் மார்க்கெட்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கதை. பல வருடம் திருத்தித் திருத்தி எழுதினேன். ரிட்டயர் ஆன பிறகு, தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு சின்ன கேமராவில் நானே டைரக்ட் செய்தேன். முக்கிய வேஷத்துக்கு கமலா அக்காவைத் தவிர யாரையும் நினைக்க முடியவில்லை. ஸ்கிரிப்டை எடுத்துப் போய் முழுவதும் படித்துக் காட்டினேன்.

"நல்லாருக்கு, நடிக்கிறேன்" என்றார். "ஆனா நா நிறுத்துன்னா நிறுத்தணும். ஏன் எதுக்குன்னு கேக்கப்படாது."

சரி என்றேன். யூனிட்டில் எல்லோரிடமும் அதைச் சொல்லி வைத்தேன்.

கடைசி நாள் சாத்தம் ஜெட்டியில் க்ளைமாக்ஸ். அவர் தனியாகப் படகில் ஏறிப் போக வேண்டும். பர்மிஷன் மதியம் வரை மட்டும். இனி ஒருமுறை கொடுக்கமாட்டோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி கிடந்தது. படகு தயார், கேமரா தயார். அக்கா படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார்.

"வேணாம். நிறுத்து."

"அக்கா, தண்ணியப் பாருங்க. அசையவே இல்ல."

"நிறுத்துன்னேன்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. எத்தனை வருட உழைப்பு, ஒரே ஒரு ஷாட். சும்மா பயப்படாதீங்க, ஏறுங்க என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். என் அசிஸ்டண்ட், கேமராமேன், படகுக்காரர் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"பேக்கப்" என்றேன். எல்லோரும் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

அன்று முழுக்க ஜெட்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். கடல் பொங்கும், நான் நிறுத்தியது சரி என்று ஆகிவிடும் என்று காத்திருந்தேன் போல. ஒரு அலைகூட எழவில்லை. ஃபெரிகள் வந்து போய்க்கொண்டிருந்தன. அக்காவின் பயம் வீண் பயம். க்ளைமாக்ஸ் போய்விட்டது. படம் அவர் ஜெட்டிப் படியில் நிற்பதோடு முடிகிறது. பார்த்தவர்கள் பலர் முடிவு சரியில்லை என்கிறார்கள். எனக்கும் சரியில்லை.

டைரக்ட் செய்ய வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் செட்டில் ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் நிறுத்துங்கள். பாதி நாள் அவர் சொன்னது தப்பாக இருக்கும். உங்கள் ஷாட் போகும், ஆத்திரம் வரும், வீட்டுக்குப் போய் அதைச் சுவரிடம் காட்டுங்கள். மறுநாள் அவர் செட்டுக்கு வரும்போது, முதல் ஆளாக அவருக்கு வணக்கம் சொல்லுங்கள்.