மாத்திரையும் ஈரக் கைக்குட்டையும்

முழங்கையிலும் புறங்கையிலும் எனக்கு வெண்புள்ளி வந்ததும், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வைத்தியர்களாகிவிட்டார்கள். தோல் டாக்டர் சொன்னது வேறு. காலையில் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, உள்ளே டியூப்லைட் பதித்த பீரோ மாதிரியான பெட்டிக்குள் நிற்க வேண்டும். "புள்ளியில நிறம் வரும்மா. ஆனா சுத்தி இருக்கிற தோலும் நல்லாக் கருத்துப்போகும். மருந்தை நிறுத்தின பொறகு மெல்லத் தெளியும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அப்படியே நடந்தது. வெள்ளைக்குள் பழுப்புப் பொட்டுகள் முளைத்தன. எனக்கு ஒரே குஷி. முகமும் கையும் கருத்ததுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளையை மறைக்க முழுக்கை ரவிக்கை தைத்துத் தந்தவள், இப்போது கருப்பை மறைக்கக் கிளம்பினாள்.

இந்த லட்சணத்தில் நல்லூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். சாயப்பட்டறைக் குடும்பம். அம்மா என் முகத்திலும் கையிலும் க்ரீமை அப்பி, மேலே பவுடரையும் கொட்டியிருந்தாள். மாவில் புரட்டிய பலகாரம் போலப் போய் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையின் அத்தை என் கையைப் பிடித்தவர் விடவில்லை. வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீர் டம்ளரில் நனைத்து, என் புறங்கையை அழுத்தித் தேய்த்தார். சாயம் போகிறதா என்று பட்டறையில் துணியை இப்படித்தான் பார்ப்பார்கள். அடக் கொடுமையே, பொண்ணையுமா!

"பவுடரு வருதுங்க அண்ணி" என்று கைக்குட்டையை மாப்பிள்ளையின் அம்மாவிடம் காட்டினார். தேய்த்த இடத்தில் கருப்பும் வெள்ளையும் தெரிந்தன. நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வெள்ளை போயிருமா கண்ணு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"போய்ட்டே இருக்குதுங்க."

"கருப்பு?"

"வைத்தியம் முடிஞ்சாத் தெளியுமுங்க."

"அப்ப இன்னைக்கே நிறுத்திப்போடு. கல்யாணத்துக்கு நாலு பேரு வருவாங்கல்லொ?"

பாதியில் நிறுத்தினால் வெள்ளை அப்படியே நின்றுவிடும் என்றேன்.

"அதுக்கென்ன, சேலையை இழுத்து மூடிக்கலாம்."

ஆகா, என்ன தாராள மனசு! "நிறுத்த மாட்டேனுங்க" என்றேன்.

"ஊட்டுல கலந்துட்டுச் சொல்றோமுங்க" என்று எழுந்தார்கள். மாப்பிள்ளை கடைசிவரை வாயைத் திறந்தது பஜ்ஜிக்கு மட்டும்தான்.

அவர்கள் கார் போனதும் அம்மா அழுதாள். என்ன இருந்தாலும் பெற்றவளாயிற்றே என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வெள்ளையாவே உட்டிருந்தாக்கூட எப்படியோ மறைச்சுக் கட்டிக் குடுத்திருப்பேன் கண்ணு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நோய் குணமாவதில் எங்கள் வீட்டில் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான். மறுநாள் காலை, அவள் கண் முன்னாலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.