கரும்புத் தொட்டிலின் கண்டக்டர்

எங்கள் தாத்தாவுக்கு ஞாபகமறதி அதிகம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதற்கு அவர்கள் காட்டும் சாட்சி நான்தான்.

அவர் அம்மாவின் அப்பா. அம்மாவுக்குக் கல்யாணமாகி வெகுநாள் குழந்தை இல்லை. பிறந்தால் கரும்புத் தொட்டில் சுமப்பதாக அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டவர் தாத்தா. திருவண்ணாமலையில் அது வழக்கம். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, மஞ்சளில் நனைத்த புடவையை அதில் தொட்டிலாக்கி, குழந்தையை உள்ளே போட்டு, அப்பா ஒரு முனையும் அம்மா ஒரு முனையுமாகத் தோளில் தாங்கிக்கொண்டு தீபத் திருவிழாவில் மாட வீதியைச் சுற்றி வருவார்கள். அந்தத் தொட்டில்களில் வரும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பல்லே முளைத்திருக்காது. நான் ஏறியபோது ஒன்றாம் வகுப்பில் இருந்தேன். எனக்கு முன்பல் விழுந்தே போயிருந்தது.

அவ்வளவு தாமதத்துக்குக் காரணம் தாத்தாவின் மறதி. ஒரு வருடம் கரும்புக்குச் சொல்ல மறந்துவிட்டேன் என்றார். இன்னொரு வருடம் கோயிலில் கொடியேறியதையே கவனிக்கவில்லை என்றார். ஊரெல்லாம் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது, இவர் காதில் மட்டும் விழவில்லையாம்.

தாத்தாவின் அக்கா லேசில் விடமாட்டார். "ஏம்பா, பெங்களூர் வரைக்கும் ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா ஒப்பிக்கிற. சாமிக்கு நேந்துகினது மட்டும் மறந்துடுதா?"

"வயசாவுது இல்லக்கா. மறதி ஜாஸ்தி ஆயிடுச்சி" என்று தாத்தா தலையைச் சொறிந்துகொள்வார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பாக இருக்கும்.

அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலங்களில் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொள்வார். பின்னால் நான் கண்டக்டர். நான் "போலாம் ரைட்" என்று சொல்லாமல் வண்டி ஒரு அடி நகராது. ஒருமுறை நான் விளையாட்டை மறந்து தூங்கிப்போய்விட, தட்டைப் பிடித்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். அப்பா வெளியூரில் வேலையாக இருப்பதாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதனால் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், ஜுரம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடியதும் தாத்தாதான். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அந்த வருடம் தாத்தாவுக்கு எல்லாமே ஞாபகம் இருந்தது. கரும்பை அவரே போய்ப் பொறுக்கி வந்தார். அம்மாவுக்குப் பட்டுப்புடவை, எனக்குப் பாவாடை எடுத்தார். இன்னொரு பையில் புது வேட்டி சட்டையும் இருந்தது. தனக்கென்று நினைத்தேன், ஆனால் அவர் பழையதைத்தான் கட்டிக்கொண்டு வந்தார்.

காலையில் ராஜகோபுரத்துக்கு எதிரே தயாராக நின்றோம். மற்ற தொட்டில்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. தாத்தா மட்டும் "கொஞ்சம் இருங்க, கொஞ்சம் இருங்க" என்று சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாண்டு பக்கத்து வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. அவருடைய அக்கா கூட அன்று ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. கடைசியில் தாத்தா துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, முன்பக்க முனையைத் தன் தோளில் வைத்தார். பின்முனையை அம்மா தாங்கினாள்.

தொட்டிலுக்கு வெளியே என் கால்கள் தொங்கின. வழியில் ஒருவர், "இன்னாங்க, கொழந்த இறங்கி நடந்தே வந்துடும் போல இருக்குதே?" என்றார்.

"லேட்டு வண்டிங்க. ஆனா வந்துட்டுது இல்ல?" என்றார் தாத்தா.

திருவூடல் தெரு முனையில் அவர் நின்றார். தை மாதத்தில் சாமியும் அம்மனும் சண்டை போட்டுக்கொள்ளும் தெரு அது. மறுநாளே அவர்கள் சமாதானமாகிவிடுவார்கள். தாத்தாவால் கரும்போடு திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"இந்த வண்டில கண்ணாடி இல்ல பாப்பா. பின்னாடி நம்மள தேடிகினு யாருனா வராங்களா, பாத்து சொல்லு."

எழும்பி, அம்மாவுக்குப் பின்னால் பார்த்தேன். பலூன்காரர், வேறொரு தொட்டில், தண்ணீர் பாக்கெட் விற்பவர். "யாரும் வரல தாத்தா. போலாம் ரைட்!" என்று கத்தினேன். வண்டி நகர்ந்தது. பேகோபுரத் தெரு முனையிலும் நின்று அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன். நிஜமான வண்டிக்கு நிஜமான கண்டக்டர் ஆகிவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை.

போன வருடம் தாத்தா இறந்தார். காரியத்தன்று சொந்தக்காரர்கள் உட்கார்ந்து அவருடைய மறதியைப் பேசிச் சிரித்து அழுதார்கள். அன்று மாலை பாத்திரம் கழுவும் இடத்தில் அம்மா என்னிடம் சொன்னாள். தாத்தா எதையும் மறக்கவில்லை. நான் தவழும்போதே அப்பா எங்களை விட்டுவிட்டு ஆரணிக்குப் போய்விட்டாராம். ஒவ்வொரு வருடமும் கொடியேறுவதற்கு முன்னால் தாத்தா பழத்தட்டோடு அங்கே போய், "வேண்டுதலுக்காவது வாங்க மாப்ள" என்று கேட்டுவிட்டு வருவாராம். சேர்ந்து சுமந்தால் சேர்ந்து வாழவும் மனசு வரும் என்று ஒரு நம்பிக்கை. வரமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டால், ஊர் என் அம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கக் கூடாதென்று பழியைத் தன் மறதியின் மேல் போட்டுக்கொள்வாராம். அந்த ஒரு வருடம்தான் அப்பா, "நேரா கோபுரத்துக்கே வந்துடறேன்" என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.

கடைசி வருடங்களில் தாத்தா மூக்குக்கண்ணாடியைத் தேடும்போதெல்லாம், "கரும்புக்குச் சொன்னீங்களா தாத்தா?" என்று நானும்தான் கேலி செய்தேன். அவரும் சிரித்தார். உங்களைப் போல ஞாபகம் வைத்திருந்த ஆள் யாருமில்லை என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். இப்போது சொல்லி என்ன, கேட்க அவர் இல்லை.

தொட்டில் சுமந்த அன்று பெரிய தெரு முனையில்தான் தாத்தா வெகுநேரம் நின்றார். அதைத் தாண்டினால் தேரடி, பிறகு கோபுரம் வந்துவிடும். "நல்லா பாரு பாப்பா" என்றார். நன்றாகத்தான் பார்த்தேன். யாரும் வரவில்லை என்று சொன்னேன். அடுத்ததை நான் சொல்லுமுன் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"போலாம்பா. நட."

தாத்தா அதற்குப் பிறகு எங்கேயும் நிற்கவில்லை. கண்டக்டர் நான் இருக்கும்போது அதை அம்மா எப்படிச் சொல்லலாம் என்று எனக்கு ஒரே ஆத்திரம். வீட்டுக்கு வந்தும், சாப்பிட்டு முடிக்கும் வரை, நான் அவளோடு பேசவே இல்லை.