நான் திருப்பி வைத்த வாக்குத்தத்தம்

1968 புத்தாண்டுக் காலை, தாம்பரத்தில் எங்கள் ஆலயத்தில் ஆராதனை முடிந்து, வாக்குத்தத்த அட்டைகள் வைத்த தட்டு வந்தது. அந்த வருடத்துக்கான தேவனுடைய வாக்காக, ஆளுக்கொரு வசன அட்டையைப் பார்க்காமல் எடுப்போம். பதினான்கு வயது மகள் சுகந்தி முதுகு வலிக்கிறது என்று வீட்டில் படுத்திருந்தாள். அவளுக்காக நானே ஓர் அட்டை எடுத்தேன். உபத்திரவத்தைப் பற்றிய வசனம். யாரும் பார்க்காதபோது அதை அடியில் செருகிவிட்டு, சமாதானத்தைப் பற்றிய வேறொன்றை எடுத்துக்கொண்டேன். பள்ளியில் வேதபாடம் நடத்துகிறவள் நான்.

பிப்ரவரியில் அவளால் நிற்க முடியவில்லை. முதுகெலும்பில் காசநோய் என்றார்கள். காசநோய் மருத்துவமனையான சானடோரியத்தில் மாவுக்கட்டுப் போட்டுக் கிடத்தினார்கள்.

"நடப்பாளா, டாக்டர்?"

"பொறுத்துத்தாம்மா பார்க்கணும்."

பொறுக்கத்தான் என்னால் முடியவில்லை. பள்ளி விட்டதும் குரோம்பேட்டையில் ரயில் ஏறுவேன். அடுத்த நிலையம் சானடோரியம். அதற்குள் நூறு தடவை அந்த அட்டை கண்முன் வரும். நான் ஏமாற்றியதற்குப் பிள்ளை தண்டனை அனுபவிக்கிறாள் என்று நினைத்தேன். ஜெபிக்க வாய் திறந்தால் வார்த்தை வராது.

பக்கத்துக் கட்டில் அம்மாள் என்னைச் சும்மா விடமாட்டார். "இன்னா டீச்சர், பொண்ணு சிரிச்சிகினு கீது, நீ வந்து பேஜார் பண்றியே!"

ஜூன் மாதம் ஒரு மாலை, சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் கூரையைப் பார்த்தபடியே சிரித்தாள்.

"ஐயோ அம்மா, எனக்கு அன்னிக்கே முதுகு வலிச்சுதே! அட்டையை மாத்தினா எலும்பு மாறிடுமா?" பிறகு மெதுவாகச் சொன்னாள். "எடுத்தது உங்க கைதானே. அந்த வசனம் உங்களுக்கு வந்ததா இருக்கும்."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அன்றுதான் உண்மையாக ஜெபித்தேன். "ஆண்டவரே, நல்லதை மட்டும் பொறுக்கி எடுக்கப் பார்த்தேன். இனி நீர் தருவதை வாங்கிக்கொள்கிறேன். என் பிள்ளையைக் கைவிடாதேயும்."

அடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு தேறத் தொடங்கியிருந்தது. டிசம்பரில் இடுப்புப் பட்டையோடு, என் தோளைப் பிடித்து நடந்தாள். லேசாகக் கூன் விழுந்திருக்கிறது. அவள் முதுகைப் பிடித்துக்கொண்டால் எனக்கு இன்றும் அந்த அட்டைதான் கண்முன் வரும். ஆனாலும் சொல்கிறேன், சுகமாயிருந்த வருடங்களில் என் விசுவாசம் வெறும் மனப்பாடம். அந்த வார்டில்தான் அது வேர் பிடித்தது.

இந்த ஆண்டும் தட்டு வந்தது. சுகந்தி என் தோளில் இடித்து, "அம்மா, ஒண்ணே ஒண்ணு!" என்றாள். கை நடுங்கியது. வந்ததை எடுத்தேன். திருப்பி வைக்கவில்லை.

பயத்தோடு இதை வாசிக்கிறவர்களே, நீங்களும் கையை நீட்டுங்கள். நடுங்கினாலும் பரவாயில்லை. தருகிறவருடைய கை நடுங்குவதில்லை.