வலப்பக்கத்து ஜன்னல்

நான் விற்பனையாளராக இருக்கும் நியாயவிலைக் கடையில், என் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் உண்டு. சாமான் கொடுப்பது இடப்பக்கத்து ஜன்னலில். வலப்பக்கத்து ஜன்னலைக் கடை கட்டிய நாளிலிருந்து யாரும் திறந்திருக்கவில்லை. அதன்மேல் சாய்த்துக் காலிச் சாக்குகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தோம். இப்போது சாக்குகள் மூலைக்குப் போய்விட்டன, ஜன்னல் திறந்து கிடக்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் இது எதற்கு என்று கேட்டால், காற்றுக்கு என்று சொல்லிவிடுவேன். முதுகுளத்தூர்ப் பக்கத்து வெயிலில் இந்தப் பதிலை யாரும் சந்தேகப்படுவதில்லை. உண்மையான காரணம் ஒரு அம்மாள். அவரை எங்கள் ஊரில் எல்லோரும் நன்னடத்தை அம்மா என்றே சொன்னோம். நன்னடத்தை அலுவலர் என்பது அவருடைய உத்தியோகம்.

கதை என் இடது காதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் சித்தப்பா மகன், எனக்கு ஏழு வயது இளைய தம்பி, ஒரு விடியற்காலையில் கண்மாய் மடையருகே மண்வெட்டிக் காம்பால் என்னை அடித்தான். மிளகாய்க்குக் கடைசித் தண்ணீர். முறை தன்னுடையது என்று அவன் சொன்னான், என்னுடையது என்று நான் சொன்னேன். அது யார் முறை என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. ஆனால் அடி விழுந்த அந்த நொடியிலிருந்து அது என் முறைதான் என்று சத்தியம் பண்ணத் தயாராக இருந்தேன். காது கிழிந்து, உள்ளே சவ்வும் போய்விட்டது. வழக்கு மூன்று வருடம் நடந்தது. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. அவன் மனைவி மட்டும் அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு வருவாள், தலையைக் குனிந்தபடி வாங்கிப் போவாள்.

குற்றம் நிரூபணமாகிவிட்டது என்றதும் எனக்குச் சோறு இறங்கியது. ஆனால் தண்டனை சொல்வதற்கு முன்னால் ஒரு அலுவலர் ஊருக்கு வந்து விசாரித்து அறிக்கை தரவேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதல் குற்றம் செய்தவனைச் சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக இருப்பேன் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு அலுவலரின் கண்காணிப்பில் ஊரிலேயே விட்டுவைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். அப்படி வந்தவர்தான் அந்த அம்மா. ஐம்பதை நெருங்கிய வயது, பழுப்பு நிறக் கைப்பை, முழங்கை வரை வெயிலில் கறுத்த கை. மினி பஸ்ஸில் வந்து இறங்கி, ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் நுழைந்து பேசிவிட்டு, கடைசியாக என் கடைக்கு வந்தார்.

உள்ளே போட வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவதாக இருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. துவரம் பருப்பு மூட்டையைப் பார்த்தபடி, "அடி விழுந்தப்புறம் உங்கள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது யாரு?" என்றார். போலீஸ் கேட்காத கேள்வி, இரண்டு வக்கீல்களும் கேட்காத கேள்வி. நான் எடை மெஷினைத் துடைத்தேன். பாமாயில் பாக்கெட்டுகளை அடுக்கினேன். கேள்வி கேட்டபின் அந்த அம்மாவைப்போலப் பேசாமல் இருக்கத் தெரிந்தவரை நான் பார்த்ததில்லை. கடைசியில், "அவந்தான்" என்றேன். ரத்தத்தைத் தன் துண்டால் அமுக்கிக் கட்டி, டிவிஎஸ் வண்டியில் என்னை முன்னால் உட்காரவைத்து அணைத்துப் பிடித்துக்கொண்டு போனது, அடித்தவனேதான். அதை எழுதிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருடக் கண்காணிப்பு என்று தீர்ப்பானது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை ராமநாதபுரம் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். என் வாயாலேயே அவனை வெளியே விட்டுவிட்டேனே என்று ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த விசித்திரம் ஆரம்பித்தது. ஊரில் ஆளாளுக்கு என் காதை விசாரிக்க ஆரம்பித்தார்கள். மூன்று வருடமாக யாரும் கண்டுகொள்ளாத காது! டீக்கடைக்காரர் கேட்டார். தையல்காரர், சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டே கேட்டார். தம்பி மனைவி, என் மனைவியிடம் குழாயடியில், "அக்கா, பெரியவருக்குக் காது இப்ப எப்புடி இருக்கு?" என்று கேட்டாளாம். அதுவும் மாதக் கடைசியில்தான் இந்த அக்கறை பொங்கும்; முதல் வாரம் கழிந்தால் அடங்கிவிடும். எனக்கு மண்டை குடைந்தது. ஒருநாள் டீக்கடைக்காரரை மடக்கிப் பிடித்தேன். அவர் சிரித்துக்கொண்டே உடைத்துவிட்டார்.

"ஒந் தம்பிதேன் கேக்கச் சொன்னான். கையெழுத்துப் போடப் போனா அந்தம்மா ஒரு வெவரம் கேக்குதாம், ஒங்க அண்ணனுக்குக் காது எப்புடி இருக்குன்டு. தெரியலன்டு சொன்னா, சரி, அடுத்த மாசம் தெரிஞ்சுக்கிட்டு வாங்கங்குதாம். வேற எதுவும் கேக்க மாட்டேங்குதாம். பய திங்கக்கெழமைய நெனச்சாலே நடுங்குறான்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் ஒரு குரங்குப் புத்தி வந்தது. அடுத்த மாதம் டீக்கடைக்காரரிடம் காது நன்றாகக் கேட்கிறது என்றேன். தையல்காரரிடம் சீழ் வடிகிறது என்றேன். மனைவியிடம், மதுரையில் அறுவை செய்யப்போகிறார்கள் என்று குழாயடியில் சொல்லச் சொன்னேன். அவன் மூன்றையும் கொண்டுபோய் அந்த அம்மா முன்னால் கொட்டியிருக்கிறான். அவர் மூன்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல நீங்க நேர்ல கேட்டது எது?" என்றாராம். அதற்கு அடுத்த மாதம் அவன் போகவே இல்லை. காய்ச்சல் என்று போனில் பொய் சொன்னான். அன்று மத்தியானம் மிளகாய்க் களத்தில் அவன் பழம் காயப்போட்டதை, வேறு விசாரணைக்கு எங்கள் பக்கம் வந்த அவரே பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டார். எழுத்துப்பூர்வமாக எச்சரிக்கை வந்தது. இன்னொரு முறை வராவிட்டால் நீதிமன்றத்துக்கு எழுதுவேன், பத்திரம் ரத்தாகும், சிறைதான். என் விளையாட்டு இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் நன்றாக வேண்டும் என்றுதான் அப்போது நினைத்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பங்குனியில் எங்கள் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள், எட்டாம் நாள் திருவிழா முடியும்வரை எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை என்பது பஸ் நிறுத்தத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் சிறு பாலம். என் தம்பி கையிலேயே காப்புக் கட்டிக்கொண்டான், பூக்குழி இறங்க நேர்ந்திருந்தான். என்ன நேர்த்தி தெரியுமா? தான் ஜெயிலுக்குப் போகக் கூடாது என்று. மஞ்சள் கயிறு கையில் ஏறி இரண்டு நாள் கழித்துத்தான், முதல் திங்கட்கிழமை இந்த எட்டு நாளுக்குள் விழுகிறது என்பது அவனுக்கு உறைத்திருக்கிறது. ஜெயிலுக்குப் போகாமலிருக்கக் கட்டிய கயிறே அவனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தது. எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு யாராலும் இப்படி ஒரு சிக்கலைத் தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து உட்கார்ந்தேன். வரிசையில் அவன் நின்றான். கையில் அட்டை இல்லை, பை இல்லை. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. அவன் முறை வந்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் என்னவோ சொன்னான். உதடு அசைந்தது தெரிந்தது. பின்னால் நின்ற கிழவர், "ஏலே, அந்தப் பக்கம் அவனுக்குக் கேக்காதுடா" என்று சத்தம் போட்டார். அவன் முகம் போன போக்கை எப்படிச் சொல்வது? காதைப் பற்றி ஊரெல்லாம் ஆள் விட்டு விசாரித்தவனுக்கு, எந்தக் காது கேட்கிறது என்பது தெரியவில்லை. வரிசையை விட்டு விலகிக் கடையைச் சுற்றிப் போனான். வலப்பக்கத்து ஜன்னல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

எழுந்திருக்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அவன் மறுபடி தட்டினான். நான் எழுந்து சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் கொண்டியை நீக்கினேன்.

"அண்ணே, காது எப்புடி இருக்கு?"

நான்கு வருடம் கழித்து அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "இந்தக் காது கேக்குது. அது போயிருச்சு. வராதாம்" என்றேன். அவன் தலையை ஆட்டினான். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். போனில் நிலைமையைச் சொல்லியிருக்கிறான். அந்த அம்மா நம்பவில்லை. போன தடவை காய்ச்சல், இந்தத் தடவை காப்பா என்று கேட்டிருக்கிறார். உங்களுக்காகப் பேச வேண்டிய அவசியமே இல்லாத ஆள் யாராவது இன்றைக்குள் நேரில் வந்து சொன்னால் யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டார். காப்புக் கட்டிய அன்று நான் ராமநாதபுரத்தில் மகள் வீட்டில் இருந்தேன், எல்லை தாண்ட எனக்குத் தடையில்லை. அவனுக்காகப் பேச அவசியமே இல்லாத ஆள் என்றால், பூமியில் என்னைவிட வேறு யார்? வரிசையில் நின்றவர்களுக்குச் சாமானைப் போட்டு அனுப்பிவிட்டு, கடையைப் பூட்டி, ஒன்பதரை பஸ்ஸில் ஏறினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து எனக்கு நானே கேட்டுக்கொண்டேன், எதற்குப் போகிறாய் என்று. போகாமல் இருந்தால் போதும், அவன் உள்ளே போய்விடுவான். நான் கை நீட்ட வேண்டியதுகூட இல்லை. அதைத்தானே மூன்று வருடமாகக் கேட்டேன்? ஆனால் அந்த அம்மாவை இன்னொரு முறை பார்க்க வேண்டும்போல் இருந்தது. யார் இவர், என் காதை வைத்து என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும். மனிதனுக்கு மன்னிப்பு வருகிறதோ இல்லையோ, ஆர்வம் வந்துவிடுகிறது.

அலுவலகத்தில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். காப்பு உண்மைதான் என்று சொன்னேன். காய்ச்சல் பொய் என்றும், அதற்குக் காரணமான மூன்று காதுக் கதைகளும் என்னுடையவை என்றும் சேர்த்தே சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க வராம இருந்தா சாயங்காலம் கோர்ட்டுக்கு எழுதியிருப்பேன். எனக்கு வேற வழியில்ல" என்றார். எதற்கு அம்மா என் காதையே கேட்கிறீர்கள் என்றேன். அவர் ராமேஸ்வரத்துக்காரர். சொன்னார்: "எங்க ஊருக்குப் பாவத்தக் கழிக்கணும்னு எங்கெங்கிருந்தோ வர்றாங்க. கடல்ல முங்கி எந்திரிச்சு, ஈரத்துணிய அங்கனயே விட்டுட்டு பஸ் ஏறிப் போயிடுறாங்க. யாருக்குப் பாவம் செஞ்சாங்களோ அந்த ஆளப் பத்தி ஒருத்தரும் பேசி நான் கேட்டதில்ல. சின்ன வயசுலேர்ந்து எனக்கு அது புரிஞ்சதே இல்ல." அவ்வளவுதான் சொன்னார். பதிவேட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்கு வந்து பாக்குறதுக்கு எனக்கு விதியில எடம் இருக்கு. வாங்க போவோம்" என்று கிளம்பிவிட்டார்.

மூன்று மணிக்கு நிறுத்தத்தில் இறங்கினோம். அவன் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தான், எல்லைக்கு ஒரு அடி உள்ளே. காலையிலிருந்து அங்கேயே நின்றானாம். அந்த அம்மா பாலத்தைத் தாண்டிப் போய், கட்டைச் சுவரின்மேல் பதிவேட்டை விரித்தார். மஞ்சள் கயிறு தாளில் உரச அவன் கையெழுத்துப் போட்டான். பேனாவை வாங்கிக்கொண்டு, நான் அங்கே நிற்பதே தெரியாததுபோல அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எடது காது போயிருச்சும்மா. வராதாம். வலப்பக்கம் நின்டு பேசணும்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நாந்தேன் அடிச்சேன்" என்றான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம், நீதிமன்றம் எழுதிவைத்த விஷயம். ஆனால் அவன் வாயால் அதுவரை சொன்னதில்லை. எனக்குக் கண் கலங்கியது. அவனுக்குத் தெரியக் கூடாது என்று மினி பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கண்காணிப்புக் காலம் முடிந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அந்த அம்மா வேறு மாவட்டத்துக்கு மாறிப் போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை, சொல்லிக்கொண்டு போகிற உத்தியோகம் இல்லை அது. நானும் தம்பியும் ஒட்டி உறவாடுகிறோம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். மடைத் தண்ணீருக்கு இன்னும் வாக்குவாதம் வருகிறது. சில நாள் ஈரக் காற்றில் காது குடையும்போது அவன்மேல் பழைய கோபம் அப்படியே வரும்.

கெடு முடிந்த அடுத்த முதல் திங்கட்கிழமை, கடையைத் திறந்து உட்கார்ந்ததும் வலப்பக்கத்து ஜன்னலில் நிழல் விழுந்தது. பக்கத்து ஊர்ச் சந்தைக்குக் கிளம்பியவன், தோளில் துண்டோடு நின்றான்.

"காது எப்புடிண்ணே இருக்கு?"

"இன்னைக்கு ஒன்னைய யாரும் கேக்க மாட்டாங்களேடா" என்றேன்.

"ஆமா" என்றான். போகவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் நான் சொன்னேன், காது எப்படி இருக்கிறது என்று.