அப்பா காட்டிய அருவிகள்

அருவிக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். என் கணவர் வீட்டார் வருஷத்துக்கு ஒரு தடவை வேன் பிடித்து அருவியில் குளிக்கக் கிளம்புகிறவர்கள். நானும் போவேன். துண்டு, எண்ணெய், புளிசாதம் எல்லாம் நான்தான் எடுத்து வைப்பேன். ஆனாலும் மாமியார் கண்டுபிடித்துவிடுவார். "அருவின்னாலே ஏம்மா ஒனக்கு மூஞ்சி இப்படிப் போவுது?" என்பார். சின்ன வயதில் நிறையப் பார்த்துவிட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். குடவாசல் பக்கத்துக்காரி எங்கே போய் அருவியை நிறையப் பார்த்தாள் என்று அவர் இதுவரை கேட்டதில்லை.

எங்கள் ஊரில் மேடு என்றால் வரப்பு. அதற்கு மேல் உயரம் வேண்டுமென்றால் ஆற்றங்கரை. கருங்கல்லைப் பார்க்கக் கோயிலுக்குத்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட பூமியில் பிறந்த பிள்ளை அருவிக்கு ஆசைப்பட்டது குற்றமா? ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடையில் எதிர்வீட்டுப் பெண் குற்றாலம் போய்விட்டு வந்து, தலையில் தண்ணீர் கொட்டுகிற போட்டோவைத் தெரு முழுக்கக் காட்டினாள். நான் வீட்டுக்குள் வந்து அழுதேன். அப்பா அப்போது மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தார்.

"அவ ஒரு அருவிதானே பாத்தா? நான் ஒனக்கு நாலு காட்டுறேன், வா" என்றார்.

அந்த வார்த்தையை நம்பியதற்கு என் கால்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அப்பாவுக்கு லீவு முடிய அதிக நாள் இல்லை. திரும்பிப் போகும் டிக்கெட் பீரோவில் பாஸ்போர்ட்டுக்குள் இருந்தது. ஆனால் அந்தத் தடவை வந்ததும் வராததுமாக, குத்தகைக்கு விட்டிருந்த நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பக்கத்து வயல்காரர் மோட்டாரில் தண்ணீர் கேட்டு குறுவைக்கு நாற்று விட்டிருந்தார். நாற்றங்காலுக்கு மோட்டார் போதும். வயல் முழுக்க நடுவதற்கு ஆற்றுத் தண்ணீர் வந்தாக வேண்டும். அணை திறந்தாயிற்று, தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று டிவியில் சொன்னார்கள்.

"நம்ம மடைக்கு மட்டும் தண்ணி வந்துரட்டும். நான் போவல. டிக்கெட்டக் கிழிச்சிப் போட்டுர்றேன்" என்று அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. ஒவ்வொரு லீவிலும் அவர் போகாமல் இருக்க ஏதாவது ஒரு வழி சொல்வார், கடைசியில் போய்விடுவார். அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு என் அருவிதான் கவலை.

முதல் அருவிக்குக் கும்பகோணம் பக்கம் பஸ்ஸில் போனோம். இறங்கி, கருவேல முள்ளுக்கும் மூங்கிலுக்கும் நடுவே ஆற்றங்கரையில் வெகுதூரம் நடந்தோம். போய்ச் சேர்ந்த இடம் ஒரு ரெகுலேட்டர். ஆற்றின் குறுக்கே பாலம், பாலத்துக்கடியில் வரிசையாக இரும்புக் கதவுகள். கரையில் நல்ல கூட்டம். தண்ணீரை வரவேற்க வந்தவர்கள் பூவும் நெல்லும் தூவிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் துண்டு முனையில் முடிந்து வைத்திருந்த விதைநெல்லை எடுத்து ஒரு சிட்டிகை தூவினார். மிச்சத்தைத் திரும்ப முடிந்துகொண்டார்.

"அது எதுக்குப்பா?"

"நம்ம மடைக்கு."

"அருவி எங்க?"

"இந்தா, இதுதான்."

தண்ணீர் கதவுகளுக்கு அடியிலிருந்து பிதுங்கிக்கொண்டு வந்தது. அருவி என்றால் மேலிருந்து விழ வேண்டும் என்கிற அடிப்படை மரியாதைகூட அதற்குத் தெரியவில்லை. ஆனால் பொய் சொல்லக் கூடாது, சத்தம் பலமாக இருந்தது, முகத்தில் சாரலும் அடித்தது. அப்பா போனில் என்னைப் போட்டோ எடுத்தார். எதிர்வீட்டுப் பெண் அதைப் பார்த்துவிட்டு, "இது பாலம்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுத் தனியாகக் கேட்டார். "தண்ணி எப்படிம்மா விழுந்துச்சு?" பயங்கரமாக விழுந்தது என்று சொன்னேன். உடனே வடைக்கு ஊறப்போட்டார். இவருக்கும் அருவிப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது அருவிக்கு அப்பா புதிதாக ஒரு தொல்லை கண்டுபிடித்தார். தண்ணீரோடு கூடவே நடப்பது. காய்ந்து கிடந்த ஆற்று மணலில் தண்ணீரின் நுனி நுரையையும் சருகையும் பிளாஸ்டிக் டம்ளரையும் தள்ளிக்கொண்டு மெதுவாக ஊர்ந்து வந்தது. கொக்குகள் அதோடு நடந்தன. கரையில் அப்பா நடந்தார், பின்னால் நான். மணல் அள்ளிய பள்ளம் வந்தால் தண்ணீர் அதில் இறங்கி நின்றுவிடும். தண்ணீர் நின்றால் அப்பாவும் நின்றுவிடுவார். பள்ளம் நிறைந்து வழிகிற வரைக்கும் வெயிலில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஊரில் உள்ள அத்தனை பள்ளத்தையும் நிரப்பிவிட்டுத்தான் எனக்கு அருவி காட்டுவது என்று அந்தத் தண்ணீர் சபதம் எடுத்திருந்தது போலிருந்தது.

கடைசியில் வந்தது இன்னொரு ரெகுலேட்டர். அங்கே ஆறு இரண்டாகப் பிரிந்தது. எங்கள் பக்கம் போகும் ஆற்றில் பாதிக் கதவுகள் மூடியிருந்தன. கதவைத் திறந்து மூடுகிற லஸ்கரிடம் அப்பா போய் நின்றார்.

"மொற வச்சிட்டாங்கண்ணே. ஒரு வாரம் அந்த ஆறு, ஒரு வாரம் இந்த ஆறு" என்றார் அவர்.

"அப்ப எங்க பக்கம் கடைசி வரைக்கும் வருமா?"

"வரும்ணே. வராம எங்க போயிடும்?"

வழி நெடுக எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். எங்கே போய்விடும் என்று கேட்டார்களே ஒழிய, எப்போது வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அன்று அம்மா கேட்டபோது, பரவாயில்லாமல் விழுந்தது என்று சொன்னேன்.

மூன்றாவது அருவி எங்கள் வாய்க்காலின் தலைப்பு. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடம், ஒற்றைக் கதவு. ஆற்றிலேயே கணுக்கால் அளவுதான் தண்ணீர். அதிலிருந்து ஒரு இழை சிமெண்டுப் படியில் இறங்கியது. எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நம்ம வீட்டு பாத்ரூம் கொழாய் இத விட நல்லா விழும்."

"விழுதுல்ல? விழட்டும்மா" என்றார் அப்பா. போட்டோ எடுக்க மறந்துவிட்டார். திரும்பும் வழியில் நாற்றங்காலில் இறங்கி ஒரு நாற்றைப் பிடுங்கி, அதன் வேரைப் பார்த்துக்கொண்டே வந்தார். இலை நுனி மஞ்சளாகப் பழுத்திருந்தது. வீட்டில் அம்மா கேட்டார். குழாய் மாதிரி என்றேன். தோசை கருகியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. அந்தக் கருகிய தோசையும் என் இலைக்குத்தான் வந்தது.

நாலாவது அருவிக்கு வர மாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டேன். "பக்கத்துலதாம்மா. நம்ம மடைதான்" என்று அப்பா கெஞ்சினார். அப்பா கெஞ்சி நான் பார்த்ததில்லை. அதனால் போனேன்.

மடை என்பது வாய்க்கால் கரையில் பதித்த ஒரு சிமெண்டுக் குழாய். அதன் வழியாகத்தான் வாய்க்கால் தண்ணீர் எங்கள் வயலுக்குள் திரும்ப வேண்டும். வாய்க்காலில் கொஞ்ச தூரம் வரைக்கும் மண் கறுத்து ஈரமாக இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் வெடிப்பு. மேலே முறை மாறி, கதவை மூடிவிட்டார்கள் என்று வரப்பில் போன ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அந்த ஈரத்தின் முனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அது நகருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தடவை கையை வைத்துக்கூடப் பார்த்தார். வெயில் ஏற ஏற ஈரம் பின்னால்தான் போயிற்று.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "நாலு அருவி காட்டுறேன்னீங்க. ஒவ்வொண்ணும் மொதல்ல பாத்தத விடச் சின்னதாப் போவுது. இதுல தண்ணியே இல்ல. இனிமே நான் நடக்க மாட்டேன்ப்பா."

"வேணாம்மா. இனிமே நடக்க வேணாம்" என்றார்.

துண்டு முனையை அவிழ்த்தார். அதில் இருந்த விதைநெல்லை ஒரு மணி சிந்தாமல் என் இரண்டு கைகளிலும் கொட்டினார். "கோழிக்குப் போடு" என்றார்.

கையைக் குவித்தபடியே வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலில் நின்றிருந்தார். என் கையில் இருந்த நெல்லைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண் மேலிருந்த பெரிய சூட்கேஸை இறக்கித் துடைக்க ஆரம்பித்தார். நான் கொல்லைக்குப் போய்க் கோழிகளுக்கு நெல்லை வீசினேன். அவை ஓடி வந்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கொத்தின.

தண்ணீர் எப்படி விழுந்தது என்று அம்மா அன்றைக்குக் கேட்கவே இல்லை. கேட்காமல் விட்டாரே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்வதற்கு ஒன்றும் இல்லை, கால் வேறு வலித்தது.